‘சந்தேகம் வந்தால் குறைத்து எழுது’: மலை நோயாளிகளின் ஸ்டேஜ் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்கள், அரசு மருத்துவக் கல்லூரிகளின் புற்றுநோய், காது மூக்கு தொண்டை, வாய் முகத் தாடை அறுவை, கதிரியக்கம், நோயியல் துறைத் தலைவர்கள்.

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தமிழ்நாட்டில் வாய், நாக்கு, தொண்டை, குரல்வளைப் புற்றுநோய் என்று உறுதியாகும் ஒவ்வொருவருக்கும் நோயின் நிலையை (ஸ்டேஜை) எழுத ஒரே மாதிரியான நிலைப் பதிவுத்தாள் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். அரசு மருத்துவமனையானாலும் சரி, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையானாலும் சரி, அதே தாள்தான். அந்தத் தாளில் ‘இல்லை’ என்பதற்கு ஒரு கட்டமும் ‘பார்க்க முடியவில்லை’ என்பதற்கு இன்னொரு கட்டமும் தனித்தனியாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது கட்டத்துக்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன்.

நான் நீலகிரி மாவட்டக் கூடலூரில் பல் மருத்துவராக இருக்கிறேன். பந்தலூர், சேரம்பாடி, தேவர்சோலை, ஓவேலிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும், பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஊர்களிலிருந்தும் வருகிறவர்கள் புற்றுநோய் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருவதில்லை. “பல்லு ஆடுது டாக்டரம்மா, புடுங்கி விட்ருங்க” என்றுதான் வருகிறார்கள். ஆடுகிற பல்லுக்குப் பின்னால் ஈறு நோய் இருக்கலாம். ஈறைத் தாண்டி எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் புற்றும் இருக்கலாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை இங்கே பல குடும்பங்களில் தலைமுறை தாண்டிய பழக்கம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களின் வீடுகளிலும் அது இருக்கிறது, அதற்கு முன்பே காட்டில் வாழ்ந்தவர்களின் வீடுகளிலும் இருக்கிறது. மழையிலும் பனியிலும் நின்று கொழுந்து பறிக்கிற அக்காக்கள் பசி தெரியாமல் இருக்கக் கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொள்கிறார்கள். அவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

உதடு, வாய்ப் புற்றுநோய் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.4 லட்சம் பேருக்குப் புதிதாக வருகிறது என்கிறது 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீடு. உலகில் வரும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது. மேலை நாடுகளில் வாய்ப் புற்று என்றால் பெரும்பாலும் நாக்கும் நாக்குக்கு அடியிலுள்ள வாய்த் தளமும். இங்கே நான் பார்ப்பது கன்னத்தின் உட்புறமும் கீழ் ஈறும்தான். புகையிலை எங்கே தங்குகிறதோ அங்கே புண் வருகிறது. ஸ்டேஜ் எழுதும் முறையின் பல சிக்கல்கள் இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகின்றன.

துறைத் தலைவர்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ‘எத்தனாவது ஸ்டேஜ்’ என்று நாம் கேட்பதன் அடியில் மூன்று எழுத்துகள் இருக்கின்றன. டி என்றால் கட்டி எவ்வளவு பெரியது, எதுவரை பரவியிருக்கிறது என்பது. என் என்றால் கழுத்து நெறிக்கட்டிகள். எம் என்றால் நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புகளுக்குப் போய்விட்டதா என்பது. மூன்றையும் சேர்த்துத்தான் நிலை 1 முதல் 4 வரை எழுதுகிறோம், எண் கூடக் கூட நோய் முற்றியது என்று பொருள். பிரான்ஸின் பியர் டெனுவா 1943 முதல் 1952 வரை இந்த முறையை வளர்த்தெடுத்தார். பன்னாட்டுப் புற்றுநோய் ஒன்றியம் 1968-ல் இதை முதல் பதிப்பாக வெளியிட்டது. புற்றுநோய்க்கான அமெரிக்கக் கூட்டுக் குழுவின் கையேடு 1977-ல் வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டையும் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் பெரிய மாற்றம் வந்தது 8-ஆம் பதிப்பில். அமெரிக்காவில் அது 2018 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது.

இந்த முறையின் பொது விதிகளில் ஒன்று இது: டி, என், எம் எதிலாவது சந்தேகம் இருந்தால், இரண்டில் குறைந்த நிலையையே எழுத வேண்டும்.

விதிக்கு நியாயமான காரணம் உண்டு. சந்தேகம் வரும்போதெல்லாம் மருத்துவர்கள் கூட்டி எழுதினால், லேசான நோய் உள்ளவர்களும் முற்றிய நிலைக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். அப்புறம் அந்த மருத்துவமனையின் சிகிச்சை பிரமாதம் என்பது போலத் தோன்றும். அப்படி ஆகக் கூடாது என்பதற்காக வைத்த விதி. எம்.ஆர்.ஐ கருவியும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் பக்கத்து அறையில் இருக்கும் மருத்துவமனையில் சந்தேகம் எப்போதாவதுதான் வரும், அங்கே இந்த விதி யாரையும் பாதிக்காது. ஸ்கேன் எடுக்க ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்து மாறி மாறிப் போக வேண்டிய ஊரில் சந்தேகம்தான் வழக்கம். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிக்கிற கழிவு எப்போதும் பறித்தவர் கணக்கிலிருந்தே போவது மாதிரி, இந்தச் சந்தேகமும் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் கழிகிறது.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் ஆழம். 7-ஆம் பதிப்பு வரை வாய்ப் புற்றின் டி என்பது முக்கியமாக அகலத்தைப் பொறுத்தது. 2 சென்டிமீட்டர் வரை டி1, 4 வரை டி2, அதற்கு மேல் டி3. 8-ஆம் பதிப்பில் புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்தார்கள். 5 மில்லிமீட்டர் ஒரு கோடு, 10 மில்லிமீட்டர் இன்னொரு கோடு. 18 மில்லிமீட்டர் அகலமுள்ள நாக்குப் புண் 8 மில்லிமீட்டர் ஆழம் போயிருந்தால் முன்பு அது டி1, இப்போது டி2. 3 சென்டிமீட்டர் புண் 12 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் முன்பு டி2, இப்போது டி3. கழுத்துக்குப் போகும் வாய்ப்பை அகலத்தைவிட ஆழமே நன்றாகச் சொல்கிறது என்பதால் இது நல்ல திருத்தம். மனதார வரவேற்கிறேன்.

ஆனால் இந்த ஆழத்தைக் கட்டியின் தடிமன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்திலுள்ள நல்ல சவ்வின் அடித்தள மட்டத்திலிருந்து ஒரு கோடு போட்டு, அங்கிருந்து புற்றின் மிக ஆழமான புள்ளிவரை செங்குத்தாக அளக்க வேண்டும். புகையிலை ஒதுக்கும் கன்னத்தில் பூக்கோசு மாதிரி வெளியே வளரும் புற்று பார்க்கப் பெரிதாக இருக்கும், ஆழம் குறைவாக இருக்கலாம். குழிந்த புண் பார்க்கச் சின்னதாக இருக்கும், கீழே தசையைத் தாண்டிப் போயிருக்கும். தடிமனை எழுதிவிட்டு அதை ஆழம் என்று எடுத்துக்கொண்டால் முதலாமவருக்குக் கூடிவிடும், இரண்டாமவருக்குக் குறைந்துவிடும். என் கைக்குத் திரும்பி வரும் திசுப் பரிசோதனை அறிக்கைகளில் ‘செதிள் செல் புற்று, மிதமான வேறுபாடு’ என்ற ஒரு வரி தவறாமல் இருக்கிறது. அறுவை முடிந்த பிறகு வரும் அறிக்கையிலும்கூட ஆழம் மில்லிமீட்டரில் இருப்பதில்லை, அல்லது எங்கிருந்து அளந்தது என்று இருப்பதில்லை.

அறுவைக்கு முன்பு ஆழத்தை எப்படி அறிவது? எம்.ஆர்.ஐ உதவும். விரலால் தடவிப் பார்த்தே மெல்லியது, தடித்தது, மிகத் தடித்தது என்று அனுபவமுள்ளவர் சொல்லிவிடலாம் என்று கையேடே சொல்கிறது. எங்கள் மலையில் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். பாக்கு மென்று மென்று வாயின் உட்புறம் நாராக இறுகிப்போனவர்களுக்கு வாய் திறக்காது. அவரவருடைய மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிந்தால் வாய்த் திறப்பு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். என்னிடம் வருகிறவர்களில் ஒரு விரலுக்கே திணறுகிறவர்கள் உண்டு. அந்த வாய்க்குள் மருத்துவரின் விரல் எப்படிப் போய் எதைத் தடவும்? பின்பக்க எல்லை தெரியாது, ஆழம் தெரியாது. சீட்டில் என்ன எழுதப்படுகிறது? முன்னால் தெரிகிற அளவு. ‘தோராயமாக 2 x 2 செ.மீ’ என்று. பின்னால் என்ன இருக்கிறதோ அது சந்தேகம். சந்தேகம் என்றால் குறைந்த நிலை.

வாய் திறக்காமை இன்னொரு குழப்பத்தையும் கொண்டுவருகிறது. பாக்குப் பழக்கம் இல்லாத நாட்டில் வாய்ப் புற்று உள்ளவருக்கு வாய் திறக்கவில்லை என்றால், மெல்லும் தசைகளுக்குள் புற்று போய்விட்டது என்ற பயம் முதலில் வரும். நோய் அந்த இடத்துக்குப் போயிருந்தால் டி-யின் கடைசிப் படியான டி4பி. அறுவைக்கு அப்பாற்பட்டது என்று பல காலம் ஒதுக்கப்பட்ட நிலை அது. இங்கேயோ வாய் திறக்காமல் போய்ப் பல ஆண்டுகள் ஆன ஒருவருக்குப் போன மாதம் வந்த புற்றாகவும் இருக்கலாம். எப்போதிலிருந்து திறக்கவில்லை என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி தெளிந்துவிடும். அந்தக் கேள்விக்கான பதிலை எழுத எந்தச் சீட்டிலும் இடமில்லை.

டி4பி பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கீழ்த்தாடை எலும்பின் மேல் விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குக் கீழே நிற்கும் நோயையும் அதற்கு மேலே மண்டையோட்டின் அடித்தளத்தை நோக்கி ஏறிவிட்ட நோயையும் கையேடு ஒரே டி4பி-யில் போடுகிறது. கீழே நிற்பதை முழுமையாக வெட்டி எடுக்க முடிகிறது, அவர்களில் பலர் ஒரு படி முந்தைய டி4ஏ நோயாளிகளைப் போலவே பிழைக்கிறார்கள் என்று இந்தியாவிலும் தைவானிலும் உள்ள அறுவை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வெற்றிலை பாக்கு மெல்லும் நாடுகளிலிருந்து இந்தக் குரல் வந்தது தற்செயல் இல்லை. கன்னப் புற்றை அதிகம் பார்க்கிறவர்களுக்குத்தான் அந்தப் பள்ளத்தின் அருமை தெரியும். கோயம்புத்தூரிலோ உதகையிலோ எடுக்கப்படும் சி.டி ஸ்கேன் அறிக்கையில் ‘பள்ளத்துக்கு மேலா, கீழா’ என்ற ஒரு வரி இருந்தால், ‘இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று அனுப்பப்படுகிறவர்களில் சிலருக்காவது அறுவை மேசை கிடைக்கும்.

அடுத்து ஈறு. நாக்கு முழுக்கத் தசை, கன்னம் மெல்லியது, ஈறுக்குக் கீழே சில மில்லிமீட்டரில் எலும்பு வந்துவிடும். மூன்றுக்கும் அதே 5, அதே 10 என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஈறுப் புற்று பல்குழியை மேலோட்டமாக அரித்திருந்தால் அதை மட்டும் வைத்து டி4 என்று எழுதக் கூடாது என்று கையேடு சொல்கிறது. சரிதான். ஆனால் அது மேலோட்டமா, எலும்பின் உள்ளே போய்விட்டதா என்று பிரித்துச் சொல்ல நல்ல ஸ்கேன் வேண்டும். கிடைக்காத இடத்தில் மறுபடியும் சந்தேகம், மறுபடியும் குறைந்த நிலை. இதற்கு நடுவில், பல் ஆடுகிறது என்று யாரோ பிடுங்கி விட்டிருப்பார்கள். பிடுங்கிய குழி வழியாக எலும்புக்குள் புற்று இறங்கிய நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பல் எப்போது பிடுங்கப்பட்டது என்பதும் அந்தத் தாளில் வர வேண்டும்.

கழுத்துக்கு வருகிறேன். 8-ஆம் பதிப்பின் இன்னொரு பெரிய மாற்றம், நெறிக்கட்டியின் உறையைக் கிழித்துக்கொண்டு புற்று வெளியே வந்திருக்கிறதா என்பதைக் கணக்கில் எடுத்தது. இரண்டரை சென்டிமீட்டர் ஒற்றைக் கட்டி முன்பு என்1, நிலை 3. அதே கட்டி தோலோடு ஒட்டியோ அடியில் உள்ளவற்றோடு பிணைந்து அசையாமலோ இருந்தால் இப்போது என்3பி, நிலை 4பி. ஸ்கேனில் மட்டும் சந்தேகமாகத் தெரிந்தால் போதாது, கையால் பார்த்ததில் அடையாளம் இருக்க வேண்டும் என்று விதி. எனக்கு இந்த விதி மிகவும் பிடித்தது. ஏனென்றால் இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். கூடலூரில் உட்கார்ந்து நான் செய்யலாம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் செய்யலாம். கட்டி அசைகிறதா, தோல் அதன்மேல் நகர்கிறதா, எத்தனை கட்டி, எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர். இரண்டு நிமிட வேலை. பல பரிந்துரைச் சீட்டுகளில் இருப்பதோ ‘கழுத்தில் நெறி உண்டு’ என்ற ஒன்றுதான். நெறிக்கட்டி வீங்க வாய்ப் புண்ணின் சீழும் காரணமாக இருக்கலாம், எங்கள் பக்கத்தில் காசநோயும் காரணமாக இருக்கலாம். ஊசிப் பரிசோதனை செய்தார்களா, என்ன முடிவு என்பதும் சேர்ந்தால்தான் கீழே உள்ள மருத்துவமனைக்கு அது பயன்படும்.

நிலை குறைந்தால் என்ன, சிகிச்சை தருகிறோமே என்று நினைக்கலாம். டாடா நினைவு மருத்துவமனை நடத்தி 2015-ல் வெளியான ஆய்வை நீங்கள் அறிவீர்கள். ஆரம்ப நிலை வாய்ப் புற்றில், கழுத்தில் கட்டி வெளியே தெரியாதபோதும் முதல் அறுவையிலேயே கழுத்து நெறிகளையும் எடுத்துவிட்டவர்களில் மூன்று ஆண்டுகள் உயிருடன் இருந்தவர்கள் 80 சதவீதம். கட்டி தெரிந்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். மேலோட்டமான சின்னப் புண் என்று எழுதப்பட்ட ஒருவருக்குக் கழுத்தை விட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்புவது நடக்கக்கூடியது. சேரம்பாடியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூர் போவது எல்லாராலும் ஆகிற காரியம் இல்லை. அப்படிப்பட்டவருக்கு முதல் தடவையிலேயே சரியான ஆழம் தெரிந்தாக வேண்டும்.

தொண்டைப் புற்றில் கதை வேறு. எச்.பி.வி வைரஸால் வரும் தொண்டைப் புற்று சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் என்பதால், 8-ஆம் பதிப்பில் அதற்குத் தனி அட்டவணை போட்டார்கள். கழுத்தின் இரு பக்கமும் 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட நெறிகள் இருந்தால் பழைய கணக்கில் நிலை 4ஏ. 8-ஆம் பதிப்பின் தனி அட்டவணையில், கட்டி டி4 ஆகாதவரை, நிலை 2. அந்த அட்டவணைக்கு அடிப்படையான தரவு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள 7 மையங்களின் நோயாளிகளுடையது. வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்காமல், திசுவில் பி16 என்ற புரதம் இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். வைரஸ் அதிகமுள்ள நாட்டில் இது பெரும்பாலும் பொருந்தும். புகையிலையே முதல் காரணமாக இருக்கும் நாட்டில், சாயம் ஏறியும் வைரஸ் இல்லாதவர்களின் பங்கு கூடுதலாக இருக்கும், அவர்கள் அவ்வளவு நன்றாகப் பிழைப்பதில்லை என்று 2023-ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு காட்டியது. புகைப்பழக்கத்தை ‘பாக்கெட் ஆண்டு’ என்று, அதாவது நாளுக்கு எத்தனை பாக்கெட், எத்தனை ஆண்டு என்று பெருக்கி, சிகரெட்டில் எண்ணுகிறார்கள். பீடி குடிக்கிறவரை, மெல்லுகிறவரை அந்தக் கணக்கில் எங்கே வைப்பது? ஆகவே, தொண்டைப் புற்றில் பி16 மட்டும் பார்த்து நிலை 2 என்று எழுதுவதற்கு முன், வைரஸ் சோதனையும் செய்யப்பட்டதா இல்லையா என்று தாளில் ஒரு கட்டம் வேண்டும்.

இதுவரை சொன்னது ஒவ்வொரு நோயாளியின் கதை. எல்லாரையும் கூட்டிப் பார்க்கும்போது வேறு ஒரு தீங்கு தெரிகிறது.

1985-ல் ஆல்வன் ஃபைன்ஸ்டீனும் உடன் ஆய்வாளர்களும் ஒன்றைக் காட்டினார்கள். புதிய ஸ்கேன்கள் வந்தபோது, முன்பு தெரியாத பரவல் தெரிந்து, நிலை 2-ல் இருந்த சிலர் நிலை 3-க்குப் போனார்கள். மோசமானவர்கள் போய்விட்டதால் நிலை 2-ன் பிழைப்பு விகிதம் உயர்ந்தது. அங்கிருந்தவர்களைவிடக் கொஞ்சம் நல்ல நிலையில் உள்ளவர்கள் வந்து சேர்ந்ததால் நிலை 3-ன் விகிதமும் உயர்ந்தது. யாரும் ஒரு நாள்கூட அதிகமாக வாழாமலேயே இரண்டு எண்களும் ஏறின. மலையில் நடப்பது இதன் தலைகீழ். ஸ்கேன் சரியாகக் கிடைக்காததால் நிலை 3-ம் 4-ம் நிலை 2-க்குள் ஒளிந்துகொள்கின்றன. பிறகு அட்டவணை போட்டுப் பார்த்தால், நீலகிரியிலிருந்து வரும் நிலை 2 நோயாளிகள் சமவெளியின் நிலை 2 நோயாளிகளைவிட அதிகமாக இறப்பது போலத் தெரியும். உடனே காரணமும் தயாராக இருக்கும்: ஒழுங்காக மருத்துவமனைக்கு வருவதில்லை, புகையிலையை விடுவதில்லை, படிப்பறிவில்லை. மருத்துவக் கூட்டம் ஒன்றில் பழங்குடி நோயாளிகளைப் பற்றி இந்தப் பேச்சைக் காதாரக் கேட்டேன். வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தவறாக எழுதப்பட்ட நிலையை வைத்துக்கொண்டு ஒரு மக்களின் மேல் பழி போடக் கூடாது.

டி-எக்ஸ், என்-எக்ஸ் என்று ‘மதிப்பிட முடியவில்லை’ எனக் குறிக்கும் எழுத்துகள் முறையிலேயே உண்டு. யாரும் எழுதுவதில்லை. எக்ஸ் என்று போட்டால் மொத்த நிலை வராது, நிலை இல்லாமல் கோப்பு நகராது, பதிவேட்டிலும் ‘நிலை தெரியாதது’ என்று ஒதுங்கிவிடும். அதனால் ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஒன்றியத்தின் பழைய பதிப்புகளில் ‘உறுதி எண்’ என்று ஒன்று விருப்பத்தின் பேரில் இருந்தது. கண்ணாலும் கையாலும் மட்டும் பார்த்து எழுதியதா, சிறப்பு ஸ்கேன் பார்த்து எழுதியதா, அறுவையில் திறந்து பார்த்து எழுதியதா என்று நிலையின் பக்கத்திலேயே ஓர் எண் போடலாம். பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை. அதைத்தான் மறுபடி கேட்கிறேன். டி2 என்று எழுதுங்கள், அது எதை வைத்து எழுதிய டி2 என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விரலால் பார்த்த டி2-ஐயும் எம்.ஆர்.ஐ பார்த்த டி2-ஐயும் ஒரே குவியலில் கொட்டி எண்ணக் கூடாது.

இதைச் செய்யத் தமிழ்நாட்டுக்கு வசதி இருக்கிறது. 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம், மாநில அரசோடு சேர்ந்து மாநிலம் முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு நடத்துகிறது. பெரும்பாலான மாநிலங்களுக்கு இது கிடையாது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, 2025-ல் அதற்கு 700 படுக்கைகளுடன் புதிய மருத்துவமனையும் திறக்கப்பட்டது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீட்டு வாசலுக்கே போகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்கள் வாயைத் திறந்து பார்த்ததிலேயே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப் புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்தது என்று 2005-ல் வெளியானது. பார்க்கத் தெரிந்த கண் அவ்வளவு செய்யும். பார்த்ததை அளந்து எழுதவும் சொல்லிக்கொடுத்தால் இன்னும் செய்யும்.

தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் யாரும் நிரப்ப மாட்டார்கள், எங்கள் வெளிநோயாளிக் கூட்டம் அப்படி. மேல் பாதி மலையிலேயே நிரப்ப வேண்டியது: புண் எங்கே, நீளம், அகலம், தொட்டால் தடிப்பா, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, எத்தனை ஆண்டுகளாக அப்படி, என்ன மெல்லுகிறார், எந்தக் கன்னத்தில் ஒதுக்குகிறார், கழுத்துக் கட்டி எத்தனை, அசைகிறதா. கீழ்ப் பாதி ஸ்கேனுக்கும் அறுவைக்கும் பிறகு: ஆழம் மில்லிமீட்டரில், எலும்பு, பள்ளத்துக்கு மேலா கீழா, எடுத்த நெறிகள் எத்தனை, அவற்றில் புற்று உள்ளவை எத்தனை, உறை கிழிந்ததா. புற்று உள்ள நெறிகளின் எண்ணிக்கை பிழைப்பை நன்றாகச் சொல்கிறது என்று பல ஆய்வுகள் வந்தும், 8-ஆம் பதிப்பில் வாய்ப் புற்றுக்கு ‘ஒன்றா, பலவா’ என்பதோடு நின்றுவிட்டார்கள். நாம் எண்ணி வைத்தால் அடுத்த திருத்தத்துக்கு அது ஆதாரமாகும். ஒவ்வொரு வரிக்கும் உண்டு, இல்லை, பார்க்க முடியவில்லை என்ற மூன்று கட்டங்கள். ஒவ்வொரு வரிக்கும் தேதி. முதலில் பார்த்த நாளுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் நடுவில் புற்று சும்மா இருப்பதில்லை. தாளில் இரண்டு தேதியும் இருந்தால், எத்தனை வாரத்தில் டி2 டி3 ஆனது என்பது யாரும் வாதாடாமலே தெரிந்துவிடும்.

ஒரு பிரதி நோயாளியின் கையில் இருக்க வேண்டும், தமிழில். எங்கள் ஆட்களில் பலர் நாடுகாணி இறங்கிக் கேரளத்துக்குப் போய்விடுகிறார்கள். கோழிக்கோடு அவர்களுக்குக் கோயம்புத்தூரைவிடப் பழக்கமான ஊர், அங்கே சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். போகிறவர்கள் பாதியில் திரும்பியும் வருகிறார்கள். அப்போது ‘எத்தனாவது ஸ்டேஜ்னு சொன்னாங்க, மறந்துட்டேன்’ என்பதுதான் எனக்குக் கிடைக்கும் மருத்துவ வரலாறு. இரு மாநிலப் பதிவேடுகளும் இந்த எல்லையோர நோயாளிகளின் தாள்களைப் பரிமாறிக்கொள்ளச் செயலாளர் அவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பந்தலூர் வட்டத்தின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் முழுமையாக இருக்காது.

நோயியல் துறையினரிடம் ஒரு தனி வேண்டுகோள். உங்கள் மேசையில் குவியும் வேலை எனக்குத் தெரியும். மூன்று எண்கள் மட்டும் கேட்கிறேன்: ஆழம், புற்று உள்ள நெறிகளின் எண்ணிக்கை, வெட்டிய ஓரத்துக்கும் புற்றுக்கும் உள்ள இடைவெளி. அளவுகள் மில்லிமீட்டரில் இருக்கட்டும். கதிரியக்கத் துறையினரிடமும் அப்படியே: பள்ளம் பற்றிய ஒரு வரி, எலும்பு பற்றிய ஒரு வரி, கன்னத்தை உப்பவைத்து எடுத்த படமா என்ற ஒரு சொல். கன்னமும் ஈறும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்த சி.டி-யில் புண் எதில் தொடங்கியது என்றே சொல்ல முடிவதில்லை.

அமெரிக்கக் கூட்டுக் குழு இப்போது முழுக் கையேட்டையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் உறுப்பு வாரியாகத் திருத்துகிறது. அதனால் வாய்ப் புற்றின் அட்டவணை எப்போது வேண்டுமானாலும் மேசைக்கு வரலாம். அது வரும்போது, உலகின் வாய்ப் புற்றில் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கும் நாட்டிலிருந்து, அதிலும் கன்னமும் ஈறும் பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து, அளந்து எழுதிய தரவு போக வேண்டும். பெரிய மருத்துவமனைகளின் தரவு மட்டும் போனால், பேருந்துச் செலவுக்குப் பணம் இருந்தவர்களின் புற்றுநோய் மட்டும்தான் அட்டவணையில் ஏறும்.

உதகை, கூடலூர், குன்னூர், கோத்தகிரி அரசு மருத்துவமனைகளில் இந்தத் தாளை முதலில் ஓர் ஆண்டுக்கு நடைமுறைப்படுத்திப் பாருங்கள். கோயம்புத்தூரில் எங்கள் நோயாளிகளைப் பார்க்கும் புற்றுநோய்ப் பிரிவையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு முடிவில் ‘பார்க்க முடியவில்லை’ என்ற கட்டம் எந்த வரியில் அதிகம் நிரம்பியிருக்கிறதோ, அடுத்த ஆண்டு பணத்தை அந்த வரிக்குச் செலவிடுங்கள். ஸ்கேனா, ஸ்கேன் படிக்கும் ஆளா, வாகனமா என்பதை அந்தக் கட்டமே காட்டிவிடும். மாதிரித் தாள் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். கூடலூரிலும் பந்தலூரிலும் உள்ள பல் மருத்துவர்கள் சிலரும் அதைப் பார்த்துத் திருத்தம் சொல்லியிருக்கிறார்கள். உதகைக்கோ சென்னைக்கோ அழைத்தால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கூடலூரிலிருந்து ஒரு பல் மருத்துவர்